சின்னமனூரில் ஒரு விசில்

எங்கள் அத்தை வீட்டுக் குக்கருக்கு ஒழுங்காக விசில் விடத் தெரியாது. ஊரில் மற்ற குக்கர்கள் நீளமாக ஒன்று விட்டுவிட்டு மூச்சு வாங்கும். இதன் தலையில் இருக்கும் வெயிட் சரியாக உட்காராததால், திக்குவாய் போலக் குட்டையாக இரண்டு, உடனுக்குடன், ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு அடங்கிவிடும். அன்று முற்பகல் பழனிசெட்டிபட்டி வீட்டின் முன்னறையில் மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து பூனை, குடை, வாழைப்பழம் என்று அட்டை அட்டையாகப் படம் காட்டிக்கொண்டிருந்தேன். மாமா படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்த நேரம் அடுப்படியில் குக்கர் தன் குட்டை விசில் இரண்டையும் விட்டது. மாமா தலையைக்கூடத் தூக்காமல், ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குக் கேட்கிற குரலில், “ரைட், போலாம் ரைட்” என்றார்.

அத்தை கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றார். “யாருத்தா அது?” என்று என்னைத்தான் கேட்டார். மாமாதான் என்று நான் கைகாட்டினேன். பக்கவாதம் வந்த நாளிலிருந்து மாமாவின் வாயில் ‘ஆ’, ‘அது’ என்பதைத் தாண்டி ஒரு சொல் உருப்படியாக வந்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவார். கோபம் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் இப்போது பஸ்ஸைக் கிளப்பியிருக்கிறார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் தான் ஏதோ சொல்லிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. திரும்பச் சொல்லுங்கள் மாமா என்றேன். வாயைத் திறந்தார். ‘அது’ என்று மட்டும் வந்தது. நான் வாழைப்பழ அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆணியில் தொங்கிய விசிலைப் பார்த்தேன். சிவப்புக் கயிறு கோத்த பழைய கண்டக்டர் விசில். சொல்லுக்கு வழி தெரியாத மண்டைக்குள் சத்தத்துக்கு வழி தெரிந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பல்பு எரிந்தது அப்போதுதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. தேனியிலிருந்து குமுளி வரை ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சின்ன வயதில் மாமா என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகமில்லை, குரல்தான். பஸ் தேனி நிலையத்தில் நிற்கும்போதே படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, “வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளேய்” என்று இழுப்பார். அந்தக் கடைசி ‘ளேய்’ மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். வாசலில் தொங்கும் கல்லூரிப் பையன்களை, “உள்ள போங்கப்பா, அங்கன என்ன பொண்ணு பாக்கவா நிக்கிறீக?” என்று தள்ளிவிடுவார். திராட்சைக் கூடையோடு ஏறும் ஆத்தாக்களிடம் மட்டும் குரல் தணியும். சொந்தக்காரர் என்று யாருக்கும் சலுகை கிடையாது. கட்டிய பொண்டாட்டியிடமே, எல்லாரும் பார்க்க, “டிக்கெட்” என்று கை நீட்டுவார் என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார். பஸ்ஸில் போடுகிற பாட்டையும் அவர்தான் தேர்ந்தெடுப்பார். பஸ்ஸின் காலை நடைக்குத் துள்ளல், மத்தியான நடைக்கு மெலிசு. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மெலிசை நிறுத்திவிட்டுத் தவில் இடிக்கிற பாட்டாகப் போடுவார். தாலாட்டுப் போட்டால் டிரைவர் தூங்கிவிடுவார் என்பது அவர் கொள்கை.

அந்த டிரைவர் சின்னமனூர்க்காரர். இருவரும் ஒரே பஸ்ஸில் காலம் தள்ளியவர்கள். பேசிக்கொண்டது குறைவு, விசில்தான் அதிகம். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் எடு. டிரைவர் ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா சின்னமனூர் போய் அவரோடு ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு வருவார். மாமா படுத்ததும் டிரைவர் ஒரு தடவை பார்க்க வந்தார். வந்தவர் மாமாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதுவிட்டார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. டிரைவர் கிளம்பும்போது மாமா தன்னைக் காட்டி, நடப்பது போல விரலால் காட்டி, தெற்கே கையை நீட்டினார். நீ வர வேண்டாம், நானே அங்கு வருகிறேன் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது, இழுத்து நடந்தாலும் நடக்கிறார். ஆனால் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் தன்னிடம் வந்து சொன்ன ஒரு சொல்லைத் தன்னால் சொல்ல முடியாமல் நிற்பதை நினைத்தே மாமா வாசல் தாண்டாமல் இருந்தார்.

நான் கணினி படித்துவிட்டு, பார்த்த வேலை பிடிக்காமல் விட்டுவிட்டு, தேனியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். எதையும் ஒரு இடத்தில் உட்கார்ந்து செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. குக்கர் சம்பவத்துக்கு மறுநாளே செல்போனில் மூளைக்கான இசை விளையாட்டு என்று இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டேன். வண்ண வண்ண மணி அடிக்கும், அதே வரிசையில் நாம் திரும்பத் தொட வேண்டும். மாமா இரண்டு மணியைத் தொட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். பொம்மைக் கீபோர்டு ஒன்று வாங்கிவந்தேன். அதில் தூசி தட்டினார், அவ்வளவுதான். இதற்கிடையில் மதுரையில் மாமாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மேடத்துக்குப் போன் போட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரித்தார். பழகிப்போன சொற்களும் பாட்டும் சில பேருக்கு இப்படித் தப்பிப் பிழைத்துவிடும், அதை ஏணியாக வைத்து ஏற்றலாம், இடது கையால் தாளம் தட்டச் சொல்லிச் செய்யுங்கள் என்றார். கூடவே, ஏணியையே வீடு என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். எனக்குப் பாதி காதில் ஏறியது.

பஸ்ஸில் ஓடிய பாட்டுகள் இருந்த பென்டிரைவ் அத்தையின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை ஸ்பீக்கரில் சொருகியதும் மாமாவின் இடது கை தானாகத் தொடையில் விழுந்தது. முதல் விளையாட்டு அங்கேதான் பிறந்தது. பாட்டு ஓடும். நான் ஒரு விசில் அடித்தால் மாமா வாதம் தொட்ட வலது கை விரலால் பொத்தானை அமுக்கிப் பாட்டை நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் ஓட விட வேண்டும். முதலில் விரல் பொத்தானைத் தேடிக்கொண்டு போகும், அதற்குள் சரணமே முடிந்துவிடும். போகப் போகக் கை காதுக்கு ஈடுகொடுத்தது. நான் எதிர்பாராத நேரத்தில் அடித்து ஏமாற்றப் பார்ப்பேன், மாமா ஏமாற மாட்டார். என் இரண்டு விசிலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கேட்டால் முகத்தைச் சுளித்து, விசிலைப் பிடுங்கித் தானே அடித்துக் காட்டுவார். வாயின் வலது ஓரத்தில் காற்று ஒழுகி, விசிலுக்குப் பதில் ‘புஸ்’ என்று வரும். ஒழுகாமல் வரும்வரை விடமாட்டார். உதட்டுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று மேடம் தலைகீழாக நின்று சொன்னதை இந்தக் கோபம் செய்யவைத்தது.

ஒரு நாள் எனக்குப் புத்திசாலித்தனம் அதிகமாகிவிட்டது. விதியை மாற்றினால் மூளைக்கு நல்ல வேலை என்று படித்திருந்தேன். இன்றைக்கு மட்டும் ஒன்றுக்கு எடு, இரண்டுக்கு நிறுத்து என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. படியில் கால் வைக்கும் பிள்ளைத்தாச்சியை நான் தள்ளிவிட்ட மாதிரி பார்த்தார். விசிலை என் கையிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து அத்தை, “ஏத்தா, உங்க மாமா வேற என்ன வேணும்னாலும் மாத்துவாக, அதை மாத்துனா ஆளு செத்துப்போகும்” என்றார். அந்த விளையாட்டை அன்றோடு மூட்டை கட்டினேன்.

அடுத்தது ஊர் வரிசை. மாமாவின் பழைய தோல் பையை மடியில் வைத்து, இடது கையால் அதன்மேல் தட்டித் தட்டி, அவருடைய அதே இழுவையில் நான் தொடங்குவேன். தேனி, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி என்று இரண்டு மூன்று ஊர் தாண்டியதும் என் குரலுக்கு அடியில் அவர் குரல் வந்து சேர்ந்துகொண்டது. பிறகு நான் ஒதுங்கிக்கொண்டேன். கோட்டூர், சீலையம்பட்டி, சின்னமனூர் என்று மாமா தனியாகவே ஓட்டி, குமுளேய் என்று அந்தச் சுற்றையும் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்தினார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “இம்புட்டு நாளா எங்கன வச்சிருந்தீக இதையெல்லாம்?” என்று கேட்டார். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, ஒரு பக்கமாக. எங்களுக்கு அதுவே போதும் என்று தோன்றிவிட்டது. சின்னமனூர் என்று வாயால் வந்துவிட்டது, இனி பஸ் ஏற வேண்டியதுதான் என்று மூன்று பேருமே முடிவு செய்தோம். டிரைவருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. அவர் வாசலில் நாற்காலி போட்டுவைப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை. குச்சனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸில் எள் விழ இடமில்லாமல் இருந்தது. கழுத்தில் விசிலோடு ஏறிய மாமாவுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் மாமாவை நன்றாகத் தெரிந்த இளைஞர், கும்பிட்டுவிட்டு, “எங்கண்ணே?” என்றார். அத்தை வாயைத் திறந்தார். மாமா இடது கையைத் தூக்கித் தடுத்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு தொடங்கினார். தேனி. பழனிசெட்டிபட்டி. வீரபாண்டி. கூட்டம் மெதுவாகப் பேச்சை நிறுத்தியது. கோட்டூர், சீலையம்பட்டி, சின்னமனூர். நான் மனசுக்குள் போதும் மாமா போதும் மாமா என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமாவுக்கும் அங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும், அது கண்ணில் தெரிந்தது. வாய் நிற்கவில்லை. உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இழுத்துக்கொண்டு குமுளியில் போய்த்தான் நின்றது. பின்னாலிருந்து யாரோ ஆசையாகத்தான் சொன்னார்கள், “அண்ணன் பழைய நெனப்புல பஸ்ஸுக்கே ஆளு கூப்பிடுறாரு.” எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே, கடைசியாகச் சொன்ன ஊர்தான் என்று நினைத்து, குமுளிக்கு ஒரு டிக்கெட் கிழித்து, என் கணக்கு அண்ணே என்று மாமாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நாங்கள் வாய் திறப்பதற்குள் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

சின்னமனூர் வந்தது. எறங்குவோம் என்று அத்தை மாமாவின் தோளைத் தொட்டார். மாமா அசையவில்லை. சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து எங்களுக்குக் காட்டினார். குமுளி. தான் கேட்டது குமுளிதான், போவதும் குமுளிதான் என்று பஸ் முழுக்கத் தெரியும்படி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். அவரை இழுத்து இறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நானும் அத்தையும் மேற்கொண்டு டிக்கெட் வாங்கினோம். அந்த மலையேற்றம் முழுக்க மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். குமுளியில் இறங்கி ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். அத்தை நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினார், ஏதோ அதற்காகவே வந்த மாதிரி. திரும்பும்போதும் மாமா சின்னமனூரில் இறங்கவில்லை. அங்கே ஒரு வாசலில் நாற்காலி காத்துக் கிடந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மாமா விசிலைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். அதன் பிறகு பாட்டுப் போட்டாலும் கை தொடையில் விழவில்லை. மேடம் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். வரிசையாக ஓடுவது வேறு, வேண்டிய இடத்தில் வேண்டியதை எடுப்பது வேறு, நீங்கள் இன்னும் முதல் படியில் நிற்கிறீர்கள், அதுவும் நல்ல படிதான் என்றார். எனக்கு அப்போது முழுக் காதும் திறந்திருந்தது. ஆனால் ஓடுகிற வாயை நடுவில் எப்படி நிறுத்துவது? மாமா மனம் இளகிய ஒன்றிரண்டு தருணங்களில் கையை நீட்டி மறித்துப் பார்த்தேன், பையை இழுத்துப் பார்த்தேன், சின்னமனூர் வரும்போது பாட்டையே அணைத்துப் பார்த்தேன். தண்டவாளத்தில் ஏறிய ரயில் மாதிரி அது பாட்டுக்குப் போய்க் கடைசியில்தான் நின்றது. நிற்காததில் எனக்கு இருந்த எரிச்சலைவிட அவருக்கு இருந்தது பெரிது என்பதால் அதையும் விட்டுவிட்டோம்.

நிறுத்தியது அத்தை. யோசித்துச் செய்ததில்லை, அலுப்பில் செய்தது. ஒரு காலை மாமா முற்றத்தில் வெயில் காய்ந்தபடி, யாரும் கேட்காமலே, தனக்குத் தானே முனகலாக அந்த வரிசையை ஓட்டிக்கொண்டிருந்தார். குமுளி வரை போவார், மறுபடி தேனியிலிருந்து வருவார். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அத்தை எத்தனை நடையைத்தான் பொறுப்பார், தலை நிமிராமல் ஒரு பயணியின் குரலில் கத்தினார். “யோவ் கண்டக்டரு, சின்னமனூருல ஆளு எறங்கணும்யா. விசில அடிங்க.”

மாமா சின்னமனூரில் நின்றார். உத்தமபாளையம் வரவில்லை. வாய் திறந்தபடியே இருக்க, இடது கை நெஞ்சுக்கு ஏறி, கயிறு தொங்குகிற இடத்தைத் தடவியது. அங்கே விசில் இல்லை. நான் ஓடிப்போய் ஆணியிலிருந்து எடுத்துவந்து கையில் கொடுத்தேன். வாயில் வைத்து நீளமாக ஒன்று அடித்தார். ஒழுகாத, முழு விசில். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அத்தை மொச்சைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, படியிலிருந்து இறங்குகிறவர் மாதிரி சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தார். மாமா சிரித்த சிரிப்பில் வலது ஓரமும் கொஞ்சம் ஏறியது. கண்டக்டர் எந்த ஊரில் நிறுத்தினாலும் விசிலால்தானே நிறுத்துவார்? வாயில் விசில் இருக்கும்போது அடுத்த ஊர் எப்படி வரும்? இவ்வளவு சுலபமான ஒன்று எத்தனையோ பக்கம் படித்த எனக்குத் தோன்றவில்லை என்று நான் சொன்னபோது அத்தை, “எனக்கும் தோணலத்தா, எரிச்சல்ல வந்துச்சு” என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஓடாத நடை இல்லை. அத்தை பயணி, நான் கூட்டம், மாமா கண்டக்டர். அத்தை ஒரு ஊர் கேட்பார், மாமா அந்த ஊர் வரை சொல்லி விசில் அடிக்க வேண்டும். வீரபாண்டி, கம்பம் என்று மாற்றி மாற்றிக் கேட்பார். குமுளியிலிருந்து தேனிக்குத் திரும்புகிற நடையும் உண்டு, அதில் முதலில் ஊர்கள் காணாமல் போயின, பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அப்புறம் சத்தத்தைக் குறைத்தோம். முந்தின ஊர்களை வாய்க்குள் முனகிவிட்டு, இறங்குகிற ஊரை மட்டும் வெளியே சொல்ல வேண்டும். அதற்கும் அப்புறம் முனகலும் போய், தோல் பையில் விரல் தட்டு மட்டும் மிஞ்சியது. ஊருக்கு ஒரு தட்டு. தட்டித் தட்டி வந்து, “சின்னமனூரு” என்று ஒரே ஒரு சொல் விழும்போது, பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று ஒரு குரல் மட்டும் கேட்கிற மாதிரி இருக்கும். சில நாள் விழாது. அசதியாக இருந்தால் கம்பத்துக்கு ஓடிவிடும். அன்று அத்தை, பிரேக் சரியில்லை, வண்டியை ஷெட்டுக்கு விடுங்கள் என்று சொல்லிச் சோறு போட்டுவிடுவார். இதெல்லாம் விளையாட்டால் வந்ததா, மாத்திரையால் வந்ததா, மேடத்தின் பயிற்சியால் வந்ததா, நாளாக ஆக உடம்பே தேடிக்கொண்டதா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம்தான் என்றார் மேடம். எதையும் விட்டுவிடாதீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

நேற்று அத்தை குக்கருக்குப் புது வெயிட் வாங்கிவந்தார். பழையதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போடப் போனபோது மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஏதோ சொல்ல முகம் இறுகியது. நாற்காலிக் கையில் இடது விரல் மெதுவாகத் தட்டத் தொடங்கியது. எந்த ஊருக்குத் தட்டுகிறார் என்று நான் எண்ணப் பார்த்தேன். அது எந்த வரிசையிலும் சேரவில்லை. தட்டு நின்றதும், “இருக்கட்டும்” என்றார். அந்தச் சொல்லை நாங்கள் யாரும் பழக்கியதில்லை. எந்தப் பஸ்ஸிலும் அது நிறுத்தம் கிடையாது. அத்தை பழைய வெயிட்டை மறுபடி குக்கர் தலையில் வைத்தார்.

வருகிற சனிக்கிழமை மாமா சின்னமனூர் போகிறார், தனியாக. என் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறேன் என்றேன், கூடாது என்று தலையாட்டிவிட்டார். அந்தக் கண்டக்டர் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாமா என்றேன், அதற்கும் சுவரைப் பார்த்துத் திரும்பினார். விசில் சட்டைப் பையில் இருக்கும், யாருக்கும் தெரியாது. சொல் வந்துவிட்டால் டிரைவர் வீட்டு வாசலில் பருத்திப்பால். வராமல் வாய் ஓடிவிட்டால் குமுளியில் டீ, அடுத்த சனிக்கிழமை மறுபடி. நானும் அத்தையும் பழனிசெட்டிபட்டி நிறுத்தத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பதாகப் பேச்சு. குக்கர் இரண்டு விசில் விடும். கடைசி நேரத்தில் மாமா மனம் மாறி நின்றுவிடாமல், அதற்கு ‘ரைட்’ சொல்ல அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்கக் கூடாது என்றுதான் நானும் அத்தையும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.